துண்டை மறந்த வரலாறு

கண்டிச் சீமைத் தேயிலையின் கதையைத் துணிந்து புதுத்தொழில் தொடங்கிய ஒருவரின் வெற்றியாகவே நம்மவரும் எழுதிவருகின்றனர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கினார், 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது, தேயிலை வென்றது. வளர்ச்சியை ஏக்கரால் அளக்கும் இவ்வரலாறு, ஆட்களை எவ்வாறு நிறுத்திவைத்தார்கள் என்று கேட்பதில்லை.

துண்டுச் சீட்டால் நிறுத்திவைத்தார்கள்! வழிச்செலவும் முன்பணமும் வேலை தொடங்குமுன்பே தொழிலாளியின் பெயரிற் கடனாயின. கடன் தீர்ந்தால் ஆளை விடுவதாகத் துரை எழுதித்தரும் துண்டின்றி அவன் தோட்டம் மாற இயலாது. புதிய தோட்டம் கடனை அடைத்தது. அடைத்ததை அவன் தலையிலேயே ஏற்றியது. தோட்டத்தின் நட்டம் இங்ஙனம் கூலியின் கடனாயிற்று. சட்டம் துண்டை ஒழித்தது 1921இலேதான்.

சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தில் இம்மக்கள் உயிரோடு நடமாடுகின்றனர். வெற்றிக் கதைகளிலோ வெறும் தொகை. அந்தக் கடன்கணக்கை வைத்திருந்தவர் யாரென்று என் வகுப்பிலுள்ள தோட்டத்துப் பிள்ளையொருத்தி கேட்டாள். கங்காணி என்றேன். அவரும் நம்மவரே என்பதைத் தயங்கித்தான் சொன்னேன்.