அருளும் அருட்கருவியும்

திருவருள் எங்கும் நிறைந்ததாயின், அஃது உயிர்க்குப் பயன்படுதற்கு ஒரு மனிதன் கையும், நீரும், அப்பமும், மந்திரமும் வேண்டப்படுவது எற்றுக்கு? இவ்வினா கிறித்தவர்க்கும் சைவர்க்கும் பொதுவாயது. இதனை ஏட்டளவில் ஆராய்தலினும் ஓரிடத்தைச் சார்த்தி ஆராய்தல் நலம். சவ்வாது மலையின் மேற்கே அமைந்த திருப்பத்தூர் அதற்கு ஏற்றதாம். 1921 ஆம் ஆண்டில் சவரிராயன் யேசுதாசன் என்னும் தமிழரும், எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காத்லாந்தினரும் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மருத்துவராகிய அவ்விருவரும் இல்லறம் புகாது, கதருடுத்துப் பிணியாளர்க்குத் தொண்டு செய்தனர். பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பெற்றனர்.

அருள் வரும் வழி பற்றிய கிறித்தவர் கொள்கை ஒருபடித்தன்று. உரோமச் சபையார் அருட்சாதனம் ஏழென்பர். பழைய கத்தோலிக்கத் தமிழ் நூலார் அவற்றைத் தேவதிரவிய அனுமானம் என வழங்கினர். அவை அருளைக் குறிப்பதோடு அமையாது, முறைப்படி செய்யப்படின் தடையிடாதார்க்கு அருளைத் தருவனவுமாம் என 1547 இல் திரெந்து சங்கம் வரையறுத்தது. லூத்தர் வழியினர் ஞானஸ்நானத்தையும் இராப்போசனத்தையும் சிறப்பாகக் கொண்டு, வேதவசனத்தோடு கூடிய அவற்றின் பயன் விசுவாசத்தாற் பெறப்படும் என்பர். கல்வீன் வழியினர்க்கு அவை அருளின் அடையாளமும் முத்திரையுமாம்; உள்ளே தொழிற்படுவது பரிசுத்த ஆவியே. இம்மூவகையாரும் வடஆர்க்காட்டு நாட்டில் வேரூன்றியவரே. 1853 இல் ஸ்கடர் உடன்பிறந்தார் தொடங்கிய ஆர்க்காட்டு மிஷன் கல்வீன் வழியது. தேனிய மிஷன் லூத்தர் வழியது. ஆகலின், கிறித்தவர் அருளைச் சடங்கினுள் அடைத்தனர் என ஒரே சொல்லான் மறுக்கப் புகும் சைவர், தாம் மறுப்பது யாரை என்பதனைத் தாமே அறியாதவராவர்.

கொடுப்பவன் தீயனாயின் கொடை என்னாம் என்பதே இக்கொள்கையில் மிக நுணுகிய இடம். உரோம அரசின் துன்புறுத்தற் காலத்தில் மறைநூல்களைப் பகைவர்க்கு ஒப்புவித்த குருமாரும், அவரைச் சார்ந்தாரும் செய்த சடங்குகள் செல்லா என வடஆப்பிரிக்காவில் தொனாத்து கட்சியார் பிரிந்து நின்றனர். 411 இல் கார்த்தேசு நகரில் நிகழ்ந்த பெருவாதத்தில் அவரை எதிர்த்தவருள் தலையாயவர் அகுஸ்தீன். அளிப்பவன் கிறித்துவே; குரு ஒரு வாயில் மட்டுமே; கல்லாலாய வாய்க்கால் தான் பயனெய்தாதாயினும் நீரைத் தோட்டத்திற் சேர்ப்பிக்கும் என்பது அவர் கருத்து. இவ்விடையின் வலிமை ஒப்புக்கொள்ளற்பாலது. குருவின் நெஞ்சினுட் புகுந்து நோக்க வல்ல மாணாக்கன் யார்? பெற்றது மெய்யோ பொய்யோ என்று வாழ்நாளெல்லாம் ஐயுறும் துன்பத்தினின்று ஏழை அடியவனை அவ்விடை விடுவித்தது.

சைவசித்தாந்தம் இவ்வினாவை வேறு வாயிலாற் புகுந்து காண்கின்றது. விஞ்ஞானகலர்க்கு உள்நின்றும், பிரளயாகலர்க்குத் திருமேனி காட்டியும் அருளும் இறைவன், சகலர்க்கு மானிட ஆசாரியனை அதிட்டித்து நின்று அருளுகின்றான். நயனம், பரிசம், வாசகம், மானசம், சாத்திரம், யோகம், ஔத்திரி எனத் தீக்கையும் ஏழாம். எண் ஒத்தமை கண்டு பொருளும் ஒன்றெனக் கொள்ளுதல் பேதைமை. இவ்வேழும் ஒரே தீக்கை நிகழும் முறைகளாக, அவ்வேழும் பிறப்பு முதல் இறப்பு வரை வெவ்வேறு காலத்துச் செய்யப்படுவன. வேற்றுமை இதனினும் ஆழமானது. ஆகமங்கள் ஆசாரியன் இலக்கணத்தையும் மாணாக்கன் பக்குவத்தையும் ஒருங்கே ஆராயச் சொல்லும். இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தியவழியே சத்திநிபாதம் நிகழும், அதுவும் நால்வகைப்படும். கிறித்தவருட் பெரும்பாலார் குழவிக்கும் ஞானஸ்நானம் தருவர். உயிரின் தகுதி பற்றியன்றி இறைவன் கருணை பற்றியே அருள் வருவது என்பதற்கு அதுவே சான்றென்பர். அது வலிய விடையே. ஆயினும் ஒரே நீரில் மூழ்கிய இருவருள் ஒருவன் ஞானியாகவும் மற்றொருவன் உலகியலிற் கிடப்பவனாகவும் இருப்பது எற்றுக்கு எனின், அவநம்பிக்கை என்பதொன்றே அவர் கூறும் தடை. அந்நம்பிக்கைதான் ஒருவற்கு வாய்த்து மற்றவற்கு வாயாமைக்குக் காரணம் அவருட் பலரும் பலவாறு உரைத்து முடிவு காணாத ஒன்று. உயிர்தோறும் மலம் பரிபாகம் எய்தும் காலவேறுபாட்டைக் கொள்ளும் சித்தாந்திக்கு இவ்விடர் இல்லை.

இனித் திருப்பத்தூர் ஆசிரமத்தை நோக்குக. குருவின் ஒழுக்கம் அருளுக்கு வாயிலன்று என்பது அவர் சபையின் துணிபு. ஆனால் அவ்விருவர் வாழ்க்கையோ தம்மையே வாயிலாக்கும் முயற்சி. அவரை நாடி வந்த பிணியாளன் முதற்கண் கண்டது ஞானஸ்நானத் தொட்டியன்று, மருந்தளித்த கையே. அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரக் கருத்துக்கு இஃது அணுக்கமாதல் காண்க. அவர் எடுத்த செபாலயமோ தென்னாட்டுக் கோயிற் சிற்பமுறையில் அமைந்தது. இங்கே ஒரு குறை கூறாது விடுதல் இயலாது. சைவர்க்கு ஆலயம் இறைவன் தயிரின் நெய்போல விளங்கி நின்று அருளும் இடம். சீர்திருத்தச் சபையார்க்கோ கட்டடம் அருட்கருவியன்று, கூடும் இடமே. கருவியெனும் கொள்கையை விலக்கிக் கருவியின் வடிவை மட்டும் கொண்டமை அழகாகலாம், தத்துவமாகாது.

ஆயினும் இவ்வாராய்ச்சி ஒருபாற் சாய்ந்து முடிதல் நேர்மையன்று. ஆசிரமத்திலிருந்து கிழக்கே நோக்கினாற் சவ்வாது மலை தோன்றும். அதன்கண் வாழும் மலையாளிகள் சேரநாட்டாரல்லர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று கூறும் தமிழ்க்குடியினர். காளி முதலிய தெய்வங்களை வழிபடுவோர். அவர்க்குத் தீக்கையளிக்க எத்துணை ஆசாரியர் அம்மலை ஏறினர்? பக்குவம் நோக்கியே தருதும் என்னும் விதி, பக்குவம் உண்டோ என்று சென்று நோக்காமைக்கும் போர்வையாகின்றது. தில்லையில் விறகு சுமந்து தந்த பெற்றான் சாம்பானுக்கு உமாபதிசிவம் தீக்கை செய்து முத்தியளித்தார் என்பது மரபு. அவன் குலத்தை அவர் வினவவில்லை, இறைவன் விடுத்த சீட்டை ஏற்றார். சவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. அம்மலைச் சந்தனம் கீழ்நாட்டிற் சிவபூசைக்கு அரைக்கப்பட்டது. அதனை வெட்டிச் சுமந்த தோளுக்குத் திருநீறு இட்ட கை யாருடையது?