மீசையில் மண் ஒட்டாத கணிப்பு

ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வெளியானதும், சிறந்த படம் எது என்று கணிப்பவர்களின் கை ஓங்கிவிடுகிறது. அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். இது ஜோசியம் அல்ல, தரவு என்கிறார்கள். தயாரிப்பாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் நடிகர் சங்கமும் யாருக்கு விருது கொடுத்தன என்று கூட்டிப் பார்த்தால் விடை வந்துவிடுமாம்.

அவர்களுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். 2024இல் 'ஓப்பன்ஹைமர்' வெல்லும் என்றார்கள், வென்றது. கேள்விப்பட்டிராத சிறு படங்களைத் தேடிப் பார்க்க வைப்பதும் இந்தப் பரபரப்புதான்.

கணிப்பு தவறுவது ஒரு குற்றமே இல்லை. தவறியதை ஒப்புக்கொள்ள அதற்கு வழியே இல்லாமல் இருப்பதுதான் என் நெடுநாள் புகார்.

அவர்களுடைய விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தொகுப்புக்குப் பரிந்துரை பெறாத படம் வெல்லாது என்றார்கள். 2015இல் 'பேர்ட்மேன்' வென்றது. இயக்குநருக்குப் பரிந்துரை வேண்டும் என்றார்கள். 2013இல் 'ஆர்கோ', 2019இல் 'கிரீன் புக்'. இரண்டுமே இல்லாத 'கோடா' 2022இல் மூன்றே பரிந்துரைகளோடு வந்து மூன்றையும் தட்டிச் சென்றது. பன்னிரண்டு பரிந்துரைகளோடு நின்ற 'தி பவர் ஆஃப் தி டாக்' இயக்குநர் விருதோடு திரும்பியது.

தயாரிப்பாளர் சங்க விருதுதான் இருப்பதிலேயே நம்பகமான அறிகுறி என்பார்கள். அகாதமியைப் போலவே அங்கும் படங்களை வரிசைப்படுத்தித்தான் வாக்களிக்கிறார்கள் என்பது காரணம். ஆனால் 2016 முதல் 2020 வரையிலான ஐந்து விழாக்களில் மூன்றில் அது பொய்த்தது. அந்தச் சங்கம் 'தி பிக் ஷார்ட்', 'லா லா லேண்ட்', '1917' ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்த ஆண்டுகளில் ஆஸ்கர் முறையே 'ஸ்பாட்லைட்', 'மூன்லைட்', 'பாரசைட்' ஆகியவற்றுக்குப் போனது.

விதி உடைந்த மறுநாள் காலையிலேயே விளக்கம் தயார். 2017இல் 'மூன்லைட்' வென்றபோது, அகாதமியில் புதிதாகச் சேர்ந்த இளைய உறுப்பினர்களே காரணம் என்றார்கள். இரண்டே ஆண்டில் 'ரோமா'வைத் தாண்டி 'கிரீன் புக்' வென்றது. உடனே பழைய உறுப்பினர்கள்மேல் பழியைப் போட்டார்கள். அடுத்த ஆண்டு 'பாரசைட்' வந்ததும் மறுபடி புதியவர்கள். எது நடந்தாலும் பொருந்திப்போகும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை.

இந்த விளக்கங்களைச் சரிபார்க்கவும் முடியாது. வரிசை வாக்கில் எந்தப் படமும் பாதியைத் தாண்டவில்லை என்றால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அதை முதலிடத்தில் வைத்த சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது நடக்கும். எத்தனை சுற்று எண்ணினார்கள், இரண்டாவதாக வந்தது எது, வித்தியாசம் எத்தனை வாக்கு என்று அகாதமி ஒருபோதும் வெளியிட்டதில்லை. 'லா லா லேண்ட்' நூலிழையில் தோற்றதா, படுதோல்வி அடைந்ததா என்று நமக்குத் தெரியாது. இந்த முறை சிறந்த படத்துக்குத் திரும்பி வந்த 2010 விழாவிலிருந்து எண்ணினால் இருபது விழாக்கள்கூட ஆகவில்லை. இந்தச் சொற்ப எண்ணிக்கையை வைத்துக்கொண்டு தரவு என்று மார்தட்டுகிறார்கள். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டுவதில்லை.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் விமர்சனத்துக்கு. 'தி பவர் ஆஃப் தி டாக்' படத்தில் ஃபில் ஒரு பையனுக்காகப் பச்சைத்தோலைக் கீறிக் கயிறு பின்னுகிறான். அவன் சாவு அந்தத் தோலில்தான் இருக்கிறது. அன்பும் கொலையும் ஒரே கயிற்றில் முறுக்கேறும் காட்சி அது. 'கோடா'வில் மகள் மேடையில் பாடும்போது ஒலி முழுவதுமாக நின்றுவிடுகிறது. காது கேளாத அப்பா, மகளின் குரல் எப்படி என்று அறிய, பக்கத்தில் இருப்பவர்களின் முகங்களைப் பார்க்கிறார். இந்த இரண்டில் எது ஆழம், எது வெறும் நெகிழ்ச்சி? எனக்கு முதலாவதுதான் பெரிது. மறுப்பவரோடு ஒரு மாலை முழுக்க வாதாடலாம். ஆனால் அந்தப் பருவத்தில் விமர்சகர்களே, படத்தொகுப்புப் பரிந்துரை இல்லாமல் எந்தப் படம் எப்போது வென்றது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். படம் பார்க்காமலே பேச முடிகிற பேச்சு அது. அகாதமியே 2025இல், ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் இறுதிச் சுற்றில் அந்தப் பிரிவுக்கு வாக்களிக்கலாம் என்று விதி செய்ய வேண்டியிருந்தது. கணிப்பவருக்கு அந்த நிபந்தனையும் கிடையாது.

எந்தப் படம் வெல்லும் என்பதைச் சூதாட்டக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எந்தப் படம் வெல்ல வேண்டும், ஏன் என்று எழுதுவதே விமர்சகரின் வேலை. அதில் தவறினால், படத்தை மறுபடி போட்டுக் காட்டி யாரும் மறுக்கலாம்.