ஓடை மணலும் பொன் தேட்டமும்

பொன் புதைந்த பாறையை மழையும் வெயிலும் அரிக்க, அதன் துகள்கள் மலைச்சரிவில் இறங்கி ஓடையிற் கலக்கின்றன. ஆதலால் இரண்டு ஓடைகள் கூடுமிடத்துக்குச் சற்று மேலே, ஒவ்வொன்றிலும் ஒரு பை வண்டலை அள்ளிச் சோதித்தால், அந்நீர் வடிந்து வரும் பிரதேசம் முழுவதின் இயல்பையும் ஓரளவு ஊகிக்கலாம் என்பதே ஓடை வண்டல் ஆய்வின் மூலதத்துவம். தடமற்ற காட்டு மலைகளை இத்துணைக் குறைந்த செலவில் ஆராய்வதற்கு இதற்கு நிகரான உபாயம் அரிது. இந்தோனேஷியாவின் சும்பாவாத் தீவில், பாத்து ஹிஜாவ் என்னும் பெரிய செம்பு, பொன் படிவை நியூமாண்ட் நிறுவனத்தார் 1990இல் கண்டறிவதற்கு வழிகாட்டியது ஓடை வண்டலே.

ஆயினும் செம்புக்குப் பொருந்துவது பொன்னுக்கு அப்படியே பொருந்துவதில்லை. செம்பு நீரிற் கரைந்து களிமண்ணில் பரவலாகப் படியும். பொன்னோ பெரும்பாலும் தனித்தனித் துகளாகவே பிரயாணம் செய்யும். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொன் துகள் ஒன்றின் எடை சுமார் 10 மைக்ரோகிராம். மூசையிலிட்டு உருக்கும் 30 கிராம் மாதிரியில் அந்த ஒரு துகள் அகப்பட்டுவிட்டால், நூறு கோடிப் பங்கில் 300க்கு மேல் பொன் என்று விடை வரும். அகப்படாவிட்டால் அதே ஓடை ஒன்றுமற்றதாகிவிடும். மாதிரியில் 20 பொன் துகள்களேனும் இருக்கவேண்டும் என்று கிளிஃப்டனும் அவர் சகாக்களும் 1969இல் வற்புறுத்தியது இது கருதியே.

இக்குறையைப் போக்க 1980களில் ஆஸ்திரேலியாவில் எழுந்தது 'பிளெக்' முறை: சில கிலோ வண்டலை முழுவதுமாகச் சயனைடு கரைசலில் இட்டு, கரைந்து வரும் பொன்னை அளப்பது. மாதிரி பெருகவே தற்செயலின் ஆதிக்கம் குறைகிறது. மிக மெல்லிய சுவடும் புலப்படுகிறது. ஆனால் கந்தகக் கனிமத்துள் சிறைப்பட்ட பொன்னைச் சயனைடு தீண்டாது. பருத்த துகள் முற்றும் கரையுமுன் காலம் முடிந்துவிடும்.

இவற்றினும் பெரிய குற்றம் ஓடைக்கரையிலேயே நேர்கிறது என்பது என் கருத்து. சரளைத் திட்டின் மேல்முனையில், பருங்கற்களின் இடுக்கில், விசையான வெள்ளம் இலேசான மணலை அடித்துச் செல்ல, பாரமான பொன் தங்கிவிடும். கீழ்முனையிலோ வெறும் நுண்மணலே மிகும். ஒரே திட்டின் இரு முனைகளும் இப்படி இருவேறு விடை தரக்கூடியனவாயிருக்க, கைக்கு எட்டிய இடத்தில் அள்ளிவிட்டு வரைபடத்தில் எண்ணை மட்டும் பொறிப்பது எத்தகைய அநியாயம்! பொன் காணப்பட்ட ஓடைக்கு மறுமுறை ஆள் போவார்கள். காணாத ஓடையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகையால் ஓர் ஓடையைத் தள்ளிவிடுமுன், அள்ளிய ஸ்தானம், எடை, சல்லடைக் கண்ணின் அளவு ஆகிய மூன்றும் குறிப்பேட்டில் உண்டா என்று பார்க்கவேண்டும். இல்லையேல் திட்டின் மேல்முனையிலிருந்து மற்றொரு பை அள்ளிவரச் சொல்லவேண்டும்.