கொம்பனியாரின் நாற்காலிகள்

ஆண்டவர் வெளியேறிய பின், அவர் விட்டுச் சென்ற வீட்டுப் பொருள்களே வரலாறாகிவிடுவதுண்டு. கொழும்புப் புறக்கோட்டையில், பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலை இதற்குத் தக்க உதாரணம். தேசாதிபதி தோமஸ் வன் றீ (1692–1697) வாழ்ந்த அம்மாளிகை, பின்னர் வைத்தியசாலையாகவும் தபாற் கந்தோராகவும் இருந்து, 1982இல் நூதனசாலையாயிற்று. நாற்காலிகள், அலுமாரிகள், பீங்கான்கள், கொம்பனி முத்திரையிட்ட நாணயங்கள் ஆகியனவே அதன் பெருமை. கொட்டாஞ்சேனையில் 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தினுள்ளும் ஆண்டோரின் கல்லறைக் கற்களே நம்மை எதிர்கொள்கின்றன.

இவை அழகற்றவை என்று எவரும் கூறார். அவ்வழகு எவருடைய உழைப்பில் விளைந்தது என்பதே வினா. நாற்காலி அதில் அமர்ந்தவனை நினைவூட்டுகிறது. மரத்தை இழைத்த தச்சனை நினைவூட்டுவதில்லை. நாணயம் கொம்பனியின் இலாபத்தைச் சொல்கிறது. அனுமதியின்றிக் கறுவாவை வெட்டியவனுக்கு மரண தண்டனை விதித்த சட்டத்தைச் சொல்வதில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, பசியால் விலைபோன தமிழரை ஒல்லாந்தர் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றினர். அவர்களுட் பலர் இலங்கைக்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு எந்தக் கண்ணாடிப் பேழையில் இடம்? நாம் கொம்பனித்தெரு என்பதை ஆங்கிலேயர் ‘அடிமைத் தீவு’ என்றனர். கொம்பனி தன் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. நூதனசாலை சொல்லாததை ஊர்ப்பெயர் சொல்லி நின்றது!

இஃது ஒல்லாந்தரோடு முடியும் கதையன்று. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே துயின்றதாகச் சொல்லப்படும் கட்டில் வைக்கப்பட்டது. அதே புதுச்சேரியிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் மொரிசியசுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகளாய் அனுப்பப்பட்ட தமிழரைப் பற்றி அக்கட்டில் என்ன கூறும்? பிரான்சிலோ, அடிமை வாணிபத்தால் கொழுத்த நாந்த் நகரம், 2012இல் அடிமை ஒழிப்புக்கு நினைவிடம் எழுப்பியது. சுரண்டியவரின் துறைமுகமே வாய் திறந்தபின், சுரண்டப்பட்டோரின் நகரம் மௌனம் காப்பது தகுமா?

1765இல் கண்டியிற் கொள்ளைபோன லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. நன்று. ஆயினும் மன்னனின் பீரங்கி மீள்வதனால் மட்டும் மக்களின் வரலாறு மீண்டுவிடாது. கறுவா உரித்த கத்தியும், நிலவரி குறித்த தோம்பு ஏடும், அடிமை விற்பனைப் பத்திரமும் அந்நாற்காலியின் அருகே இடம்பெற வேண்டும். அதுவரை, மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், “இதைச் செய்தவர் யார், அவருக்குக் கிடைத்த கூலி என்ன?” என்ற வினாவைத் தாமே எழுப்புவாராக.