மாலிக் அம்பர்: ஓர் ஓவியமும் நமது மௌனமும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ள திருவரங்குளத்தில், அன்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் சிலர் கூடியிருந்தோம். முகலாய ஓவியங்களின் அச்சுப்படிகள் அடங்கிய நூலொன்று கைமாறி வந்தது. அதிலிருந்த ஒரு படத்தைச் சுட்டி, "இது எந்தக் காஃபிருடைய தலை?" என்று இளைஞர் ஒருவர் வினவினார். ஈட்டி முனையில் செருகப்பட்ட ஒரு கறுப்பு மனிதரின் தலை. அதை நோக்கி அம்பெய்து நிற்பவர் பேரரசர் ஜஹாங்கீர். முஸ்லிம் மன்னரின் அம்புக்கு இலக்கானவர் மாற்றாராகவே இருக்க வேண்டும் என்பது அவரது அனுமானம். அத்தலைக்குரியவர் மாலிக் அம்பர், அவரும் முஸ்லிமே. அந்த வினா நம்மை விட்டு அகலவில்லை.

ஓவியத்தைத் தீட்டியவர் அபுல் ஹஸன். காலம் 1616ஐ ஒட்டியது. இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் அது உள்ளது. மீனின்மேல் காளை, காளையின்மேல் பூகோளம், பூகோளத்தின்மேல் பேரரசர். எதிரே வெட்டுண்ட தலை. அதன்மீது ஓர் ஆந்தை. படத்தினுள் எழுதப்பட்ட பாரசீக வரிகள் அம்பரின் நிறத்தை இரவோடு சேர்த்துப் பழிக்கின்றன. ஆயின் இக்காட்சி ஒருநாளும் நிகழவில்லை. ஜஹாங்கீர் அம்பரைச் சிறைப்பிடித்ததும் இல்லை, கொன்றதும் இல்லை. அம்பர் முதுமையுற்று 1626இல் இயற்கை மரணம் எய்தினார்; மறு ஆண்டே ஜஹாங்கீரும் மறைந்தார். போர்க்களத்தில் கிட்டாத வெற்றியைப் பேரரசு தூரிகையால் பெற்றுக்கொண்டது.

அபிசீனியாவில் 1548 வாக்கில் பிறந்து, சிறுவயதிலேயே விற்கப்பட்டு, செங்கடல் துறைமுகங்களையும் பாக்தாதையும் கடந்து தக்காணம் வந்து சேர்ந்தவர் அம்பர். அகமதுநகர் நிஜாம்ஷாஹி அரசின் பேஷ்வாவான சங்கீஸ் கான் அவரை வாங்கினார். அந்தச் சங்கீஸ் கானும் ஒரு ஹபஷியே. எசமானர் இறந்தபின் விடுதலை பெற்ற அம்பர், 1600இல் அகமதுநகர்க் கோட்டை முகலாயரிடம் வீழ்ந்தபோது, அரச குலத்து இளைஞர் ஒருவரை அரியணையில் அமர்த்தி அவர் பெயரால் ஆட்சி நடத்தினார். மராத்தியக் குதிரை வீரர்களைத் துணைக்கொண்டு, நேர்நின்று பொருதாமல் எதிரியின் உணவு வழிகளை அறுக்கும் போர்முறையால் முகலாயரைத் திணறடித்தார். 1610இல் அவர் எழுப்பிய கட்கி நகரமே பின்னாளில் ஔரங்காபாத் ஆயிற்று. 2023இல் அது சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாறியது. அந்நகருக்கு நிலத்தடிக் குழாய்களால் நீர் கொணர்ந்த நஹ்ரே அம்பரி அவர் பெயரை இன்றும் தாங்கியுள்ளது.

ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்புகள் அம்பரின் கருநிறத்தை வசையாக்காமல் அவர் பெயரைச் சொல்வது அரிது. தொழுகையில் ஒரே திசை நோக்கி நின்ற இருவருக்கிடையே நிறம் இவ்வளவு பெரிய சுவராய் எழுந்திருக்கிறது. முகலாய வரலாற்றாசிரியர் முஃதமித் கான் அம்பர் இறந்தபின் அவரை மனமாரப் புகழ்ந்தார். எனினும் அப்புகழ்ச்சியும் ஆராயத்தக்கது. ஹபஷி அடிமை ஒருவர் இத்தகைய உயர்வை எய்தியதற்கு வரலாற்றில் வேறு சான்று இல்லை என்பது அவர் கருத்து. வங்காளத்தில் 1487 முதல் 1493 வரை ஹபஷி சுல்தான்களே ஆண்டனர் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருவரை விதிவிலக்கு என்று வியப்பது அவருடைய இனத்தாரைத் தாழ்வாகவே வைத்திருக்கும் வழியாகவும் அமைந்துவிடுகிறது.

நம் கட்டுரையாளர் பலர் அட்லாண்டிக் அடிமை வாணிகத்தையும் இதையும் ஒப்பிட்டு நிறைவடைவர். அங்கே ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டுத் தோட்டங்களில் நசுக்கப்பட்டனர்; இங்கே அடிமை அரசை நடத்தினான் என்பது அவர்தம் வாதம். வேறுபாடு மெய்யே. தக்காணத்து ஹபஷிகள் பெரும்பாலும் போர்வீரர்கள். விடுதலை பெற்றபின் பதவியும் நிலமும் எய்தினர். அவர்தம் சந்ததியார் மண உறவால் உள்நாட்டு மக்களோடு கலந்தனர். ஆயினும் ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து விற்ற சந்தை முஸ்லிம் வணிகர்களின் சந்தையாகவும் இருந்தது. அம்பரே தம் படைக்கு ஹபஷி அடிமைகளை விலைக்கு வாங்கினார். தலைமை அமைச்சராய் உயர்ந்த ஒருவரைக் காட்டி, பெயரின்றி மறைந்த ஆயிரவரின் கணக்கை முடித்துவிட இயலாது.

அறபுகள் பயன்படுத்திய 'காஃபிர்' என்னும் சொல் போர்த்துக்கீசியர் வாயில் ஆப்பிரிக்கரைக் குறிக்கும் பெயராகித் தமிழில் 'காப்பிரி' என வந்து சேர்ந்தது. பாரதியின் 'தமிழச் சாதி'யிலும் அச்சொல் உண்டு. இலங்கைப் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் இன்றும் காப்பிரியர் என்றே அழைக்கப்படுகின்றனர், அவர்களோ கத்தோலிக்கர். மார்க்கச் சொல் ஒன்று நிறத்தின் பெயராக மாறிவிட்ட வரலாறு இது. திருவரங்குளத்து இளைஞர் அறியாமலே அவ்வரலாற்றின் இரு முனைகளையும் ஒரே வினாவில் தொட்டுவிட்டார்.

பிலால் (ரலி) அவர்களின் பாங்கோசை நம் மேடைகளில் ஒலிக்காத நாளில்லை. நஜ்ஜாஷி மன்னர் முஹாஜிர்களுக்கு அளித்த அடைக்கலத்தை உமறுப்புலவர் சீறாவில் பாடினார். மால்கம் எக்ஸ் 1964இல் ஹஜ்ஜின்போது எழுதிய மடலை நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். மூன்றும் உண்மை, மூன்றும் நம்மைப் புகழ்வன. நிறத்தால் உயர்வில்லை என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரை நம் சாதனைப் பட்டியல் அன்று. நம்மீது சுமத்தப்பட்ட கடமை. அக்கடமையில் தவறிய இடங்களையும் பேசினால்தான் பிலாலின் பெயரைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டு.

அகமதாபாத்தில் 1573ஐ ஒட்டி எழுந்த சீதி சையத் பள்ளிவாசலின் கல்சாளரத்தைக் காண உலகமே வருகிறது. அதைக் கட்டியவர் ஒரு ஹபஷி. பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில், அகீக் கல் வாணிகத்தோடு இணைத்துப் பேசப்படும் ஹபஷி இறைநேசர் பாவா கோரின் தர்காவில் சீதிகளின் பறை இன்றும் முழங்குகிறது. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என மூன்று சமயங்களிலும் சீதிகள் வாழ்கின்றனர். 2003இல்தான் அவர்களுக்குப் பழங்குடித் தகுதி கிட்டியது. 1980களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம், ஆப்பிரிக்க உடலமைப்பு பதக்கம் தரும் என்றெண்ணிச் சீதிச் சிறார்களைத் திரட்டிப் பயிற்றுவித்தது; சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. பிறந்த மண்ணிலேயே அவர்களை அயலாராய்க் காணும் பார்வை ஜஹாங்கீரின் அரண்மனையோடு முடிந்துவிடவில்லை.

அன்று அவ்விளைஞரிடம் நாம் அம்பரின் பெயரைச் சொன்னோம், சமயத்தைச் சொன்னோம். "அப்படியானால் ஏன்?" என்று அவர் மீண்டும் கேட்டார். அறையில் இருந்த முதியோர் எவரும் உடனே வாய் திறக்கவில்லை. அம்மௌனம் நம் வரலாற்று நூல்களிலும் நீடிக்கிறது. அடுத்த தலைமுறைக்கு நாம் எழுதும் பாடத்தில் பிலாலின் பக்கத்தை அடுத்து அம்பரின் இந்த ஓவியமும் இடம்பெற வேண்டும்; அதன்கீழ் அந்த இரண்டாம் வினாவையும் அச்சிட வேண்டும்.