துணை என்னும் சொல்

காஞ்சிபுரத்துக் கடைவீதியில் நடந்தால், பட்டுக்கடைப் பலகைகளின் உச்சியில் 'காமாட்சியம்மன் துணை' என்றிருக்கக் காணலாம். நாமும் திருமண அழைப்பிதழ்களில் 'ஆரோக்கிய அன்னை துணை' என்று அச்சிடுகிறோம். அதே 'துணை' அலுவலகப் படி ஏறியதும் கீழிறங்கி விடுகிறது. துணை ஆட்சியர், துணைத் தலைவர் என்றால் இரண்டாம் இடத்தவர் என்றே கொள்கிறோம். (துணைவேந்தர் மட்டும் விதிவிலக்கு, பல்கலைக்கழகத்தின் பாரம் முழுவதும் அவர் தலையில்தான்.)

இந்த இறக்கத்தோடுதான் நாம் திருவிவிலியத்தையும் வாசிக்கிறோம். தொடக்கநூல் 2:18இல், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'தகுந்த துணை' என்கிறது. சீர்திருத்த சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு 'ஏற்ற துணை' என்கிறது. இரண்டும் நல்ல தமிழே. குறை வாசிக்கும் நம்மிடம் இருக்கிறது. எபிரேய மூலத்தில் அங்குள்ள சொல் 'ஏசெர்'. பழைய ஏற்பாட்டில் அச்சொல் வரும் இடங்களில் பெரும்பாலானவை கடவுளையே குறிக்கின்றன. மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்தும் 121ஆம் திருப்பாடலில் ஆண்டவரிடமிருந்து வருவதும் இந்த 'ஏசெர்'தான். அவரை நமக்குக் கீழ்ப்பட்டவர் என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. தமிழிலும் 'துணை'க்கு இணை, அளவு என்னும் பொருள்கள் உண்டு. 'இத்துணை', 'எத்துணை' என்பவற்றில் அந்த அளவு இன்றும் வாழ்கிறது. வள்ளுவத்தில் 'வாழ்க்கைத் துணைநலம்' ஓர் அதிகாரம். 'பெரியாரைத் துணைக்கோடல்' மற்றோர் அதிகாரம். பெரியார் துணையாகும்போது யாருக்கு யார் கீழ்?

யோவான் நற்செய்தியில் தூய ஆவியாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'அருகில் நிற்க அழைக்கப்பட்டவர்'. பழைய மொழிபெயர்ப்பின் 'தேற்றரவாளன்' கண்ணீர் துடைக்கும் கையை மட்டுமே காட்டுகிறது. புதியதன் 'துணையாளர்' வழக்கு மன்றத்திலும் உடன் நிற்பவரைக் காட்டக் கூடியது. இதுவே மேலான தேர்வு என்பது என் துணிபு. ஆண்டவர் 'மற்றொரு' துணையாளர் என்கிறார்; முதல் துணையாளர் அவரே.

இதையெல்லாம் குருமடத்தில் படித்தவன்தான் நான். ஆயினும் ஒரு திருமண மறையுரையில், துணை என்றால் கணவனுக்கு உதவியாக நிற்பவள் என்று சொல்லிவிட்டேன். திருப்பலி முடிந்ததும் நெசவாளர் வீட்டு அம்மையார் ஒருவர் வந்தார். "சாமி, கோர்வைத் தறியில பக்கத்துல நான் குந்தலன்னா எங்க வீட்டுக்காரருக்குச் சேலையே ஏறாது. அப்ப நான் உதவியா?" என்றார்.

கோர்வையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; இரு நிற ஊடைகளும் கரையோரத்தில் ஒன்றோடொன்று பின்ன வேண்டும். அதற்கு நெய்பவர் அருகே இன்னொருவர் அமர்ந்தாக வேண்டும். கூலி எழுதும் புத்தகத்திலோ பெயர் ஒன்றுதான்.

அந்த இரண்டாம் இருக்கையில் நெடுங்காலம் பிள்ளைகளும் அமர்த்தப்பட்டார்கள், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகச் சிலர். 'கூடமாட உதவுகிறான்' என்று சொல்லிவிட்டால் அது வேலையாகவே தோன்றாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும், ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போக 'உதவ' இடம் விட்டிருக்கிறது. பள்ளி விட்டு வந்து விளக்கு வைக்கும்வரை தறியில் குனிந்திருக்கும் பிள்ளையையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கிவிட யாருக்கும் சிரமம் இராது.

அம்மையாருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அடுத்த திருமணத்தில் 121ஆம் திருப்பாடலை வாசிக்கச் செய்து, அங்கிருந்து மறையுரையைத் தொடங்கினேன். அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார்.