அச்சமும் சிக்கனமும்: ‘6 அத்தியாயம்’ முன்வைத்துச் சில கருத்துகள்

குறுமுதலீட்டுத் திகில் தொகுப்புப் படங்களின் குறைகளுக்குப் பணப்பற்றாக்குறையே காரணம் என்பர். ஆறு இயக்குநர்கள் அமானுடக் கதைகளைத் தந்த ‘6 அத்தியாயம்’ (2018) இக்கூற்றை ஐயுறச் செய்கிறது. அதில் கதைகள் முடிவுக்கு முன்னரே நிறுத்தப்பட்டு, ஆறு முடிவுகளும் இறுதியில் அடுக்கப்படுகின்றன. துணிவான உத்திதான், ஆயினும் அச்சம் தொடர்ச்சியில் வளரும் மெய்ப்பாடு. இடையில் வேறு கதைகள் புகுந்தபின், முதற்கதையின் முடிவு விடுகதைக்குரிய விடையாகவே எஞ்சுகிறது.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்த புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் ஒரு வீடு, கணவன், மனைவி, வேலைக்கு அமர்ந்த பெண், இரவில் எழும் பிணவாடை. இவற்றைப் படமாக்க எவ்வளவு செலவாகும்? பேய் உண்டா என்னும் ஐயத்தை அக்கதை இறுதிவரை தீர்ப்பதில்லை. தொகுப்புப் படங்களோ கதைக்கொரு திருப்பத்தைக் கடமையாகக் கொண்டு, அந்த ஐயத்தைத் தாமே கொன்றுவிடுகின்றன. சிதம்பரத்தில் என் மாணவர் எடுத்துக்காட்டும் குறும்படங்களிலும் இதே அவசரம்: பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு அருகிருக்க, வாடகை அறைக்குள் ஒப்பனைப் பேய்.